சேங்க்: கடல் கடந்த ஒரு சொல்

சங்கொலி கேளாத தமிழர் வாழ்வு இல்லை. பிறந்த குழந்தைக்குப் பால் புகட்டுவது சங்கு. கோவிலில் பூசை வேளையை அறிவிப்பது சங்கு. இறுதி ஊர்வலத்தின் முன் சேகண்டியோடு சேர்ந்து அழுவதும் சங்கு. தோட்டத்தில் வளர்ந்த என்போன்றோர்க்கு மற்றொரு சங்கும் உண்டு. கிள்ளானை அடுத்த ரப்பர்த் தோட்டம் ஒன்றில், விடியுமுன் ஆலையிலிருந்து எழும் ஊதலை எம் பெற்றோர் ‘சங்கு’ என்றே அழைத்தனர். ‘சங்கு ஊதிருச்சு, இன்னும் என்னடா தூக்கம்?’ என்பதே என் தாயார் எனக்குப் பாடிய திருப்பள்ளியெழுச்சி. அவ்வூதலில் கடலும் இல்லை, கிளிஞ்சலும் இல்லை, இரும்பும் காற்றும் மட்டுமே இருந்தன. ஆயினும் அதற்குப் பெயர் சங்கு. ஒரு சொல் தான் பிறந்த பொருளை விட்டு எத்துணைத் தொலைவு நடந்து செல்ல வல்லது என்பதற்கு எனக்குக் கிடைத்த முதற் பாடம் அதுவேயாகும்.

இரண்டாம் பாடத்தைக் கற்பித்தவன் என் மாணவன். கிள்ளானில் யான் பணியாற்றும் தமிழ்ப்பள்ளியில், ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் ஆங்கில அகராதியைப் புரட்டிக்கொண்டிருந்தான். திடீரென எழுந்து வந்து ஒரு சொல்லைச் சுட்டிக் காட்டினான். ‘பேங்க்’ என்பதுபோல் ஒலிக்கும் ‘சேங்க்’ என்னும் சொல் அது. இந்தியக் கடலில் கிடைக்கும் பெரிய சங்கு என்று அதற்குப் பொருள் எழுதியிருந்தது. ‘ஐயா, இது நம்ம சொல்லுதானே?’ என்றான். அவன் கண்களில் இருந்த ஒளியைக் கண்டதும் ‘ஆம்’ என்று சொல்லிவிட நா எழுந்தது. ஆயினும் அதன் கீழ் நின்ற சிறு குறிப்பு தடுத்தது. வடமொழிச் ‘சங்க’ என்பதிலிருந்து வந்த சொல் என்று அக்குறிப்புக் கூறியது. ‘நாளை சொல்கிறேன்’ என்று அனுப்பிவைத்தேன்.

ஆசிரியர் அறையில் அன்று பிற்பகல் முழுவதும் இதே பேச்சு. தூய தமிழ்ச் சொல்லைத் திருடிவிட்டார்கள் என்றார் ஒருவர். எல்லாம் வடமொழியிலிருந்து வந்தவையே என்றார் மற்றொருவர். இருவரிடத்தும் சான்று இல்லை. உறுதி மட்டும் நிறைய இருந்தது. அந்த ‘நாளை’ எனக்குப் பல திங்கள் ஆயிற்று. அத்தேடலில் கண்டவற்றையே ஈண்டு எழுதுகின்றேன்.

ஆங்கிலத்தில் சங்கினைக் குறிக்கப் பெருவழக்காக உள்ள சொல் ‘காங்க்’ என்பதாகும். அது பெரிய கடற்சங்குகள் பலவற்றுக்கும் பொதுப்பெயர். ‘சேங்க்’ என்பதோ அவ்வாறன்று. ‘டர்பினெல்லா பைரம்’ என்று விலங்கியலார் பெயரிட்டுள்ள ஒரே இனத்தை, நம் கோவில்களில் ஊதப்படும் அந்த வெண்சங்கையே, அது குறிக்கும். ஹென்றி யூலும் பர்னெலும் தொகுத்து 1886-இல் வெளிவந்த ‘ஹாப்சன் ஜாப்சன்’ என்னும் அகராதியில் இச்சொல் தனித் தலைப்பாக இடம்பெற்றுள்ளது. இந்தியாவில் வாழ்ந்த ஆங்கிலேயர் தம் பேச்சில் கலந்துகொண்ட கீழைநாட்டுச் சொற்களின் களஞ்சியம் அந்நூல். தொகுத்தோருள் ஒருவரான பர்னெல் தஞ்சாவூரில் நீதிபதியாக விளங்கியவர். வடமொழியும் தென்னாட்டு மொழிகளும் பயின்றவர். சங்கு மன்னார் வளைகுடாவில் கிடைப்பது, கோவிலில் ஊதப்படுவது, அறுத்து வளையலாக்கப்படுவது என்னும் செய்திகளை அவ்வகராதி தருகின்றது. சொல்லின் மூலமாக வடமொழியையே காட்டுகின்றது.

ஆங்கிலேயர் இச்சொல்லை முதன்முதலில் கேட்டவர் அல்லர். அவருக்கு முன்னரே போர்ச்சுகீசியர் நம் கரைகளில் இறங்கிவிட்டனர். கார்சியா த ஓர்த்தா என்னும் மருத்துவர், இந்தியாவின் மூலிகைகளையும் சரக்குகளையும் பற்றி உரையாடல் வடிவில் எழுதிய நூல் 1563-இல் கோவாவில் அச்சேறியது. அதில் அவர் சங்கினைச் ‘சாங்கோ’ என்று குறிக்கின்றார். அது வங்காளத்திற்கு ஏற்றுமதியாகும் பண்டம் என்றும், அங்கே மகளிர் அணியும் வளையாகின்றது என்றும், முன்போல் இப்போது ஊதியம் இல்லை என்றும் எழுதுகின்றார். ஏறத்தாழ 460 ஆண்டுகளுக்கு முன்னரே ‘முன்போல் வாணிகம் இல்லை’ என்று குறைப்பட்டுக்கொண்டனர் எனில், அவ்வாணிகத்தின் பழமையை நாமே உணரலாம்.

அப்பழமையை நம் இலக்கியங்களே சொல்லும். வளை, கோடு, நந்து, பணிலம், சுரிமுகம் எனச் சங்கினுக்குத் தமிழில் பெயர்கள் பல. இவற்றுள் ‘வளை’ என்னும் சொல்லைச் சற்று எண்ணிப் பாருங்கள். சங்கும் வளை, அதனை அறுத்துச் செய்த கையணியும் வளை. இன்று பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெருவில் கண்ணாடியிலும் நெகிழியிலும் தொங்கும் வளையல்கள் எல்லாம் பெயரளவில் அப்பழைய சங்கின் பேத்திகளே. சங்கினை அறுத்துக் கடையும் தொழிலாளரை மதுரைக்காஞ்சி மதுரை நகர வீதியில் காட்டுகின்றது. வாளரத்தால் வளை அறுப்பவன் ஒருவனை அகநானூற்றின் 24-ஆம் பாடல் நமக்கு அறிமுகம் செய்கின்றது. நக்கீரர் சங்கறுக்கும் குலத்தில் தோன்றியவர் என்னும் வழக்கையும் தமிழுலகம் நன்கறியும்.

இலக்கியம் கூறியதை மண்ணும் மெய்ப்பித்தது. சென்னை மாகாண மீன்வளத் துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல் என்னும் ஆங்கிலேயர், சங்கினைப் பற்றியே ஒரு தனி நூல் எழுதி 1914-இல் வெளியிட்டார். பாண்டியரின் பழந்துறையாகிய கொற்கையில் வாளால் அறுக்கப்பட்ட சங்குத் துண்டுகளை அவர் கண்டெடுத்தார். அண்மைக் காலக் கீழடி அகழாய்விலும் சங்கு வளையல் துண்டுகள் வெளிவந்துள்ளன. இக்கலை தமிழ்நாட்டில் பின்னர் மங்கியது. வங்கத்தில் மட்டும் நிலைத்தது. அங்கே மணமான இந்துப் பெண்டிர்க்குச் சங்கு வளை மங்கல அணி. டாக்கா நகரின் ‘சங்காரி பஜார்’ என்னும் தெரு அத்தொழிலாளரின் பெயராலேயே இன்றும் வழங்குகின்றது.

வளை வங்கத்தில் செய்யப்படினும், அதற்குரிய சங்கில் பெரும்பகுதி சென்றது நம் கடலிலிருந்து. தூத்துக்குடியிலும் யாழ்ப்பாணக் கரையிலும் மூச்சடக்கி மூழ்கியோர் பரதவரும், கீழக்கரை முதலிய ஊர்களின் முஸ்லிம் மக்களும் ஆவர். அத்தொழிலுக்குச் ‘சங்கு குளித்தல்’ என்று பெயர். ‘குளித்தல்’ என்னும் மென்மையான சொல்லுக்குள் மறைந்து கிடக்கும் இடரைப் பாருங்கள்! காதடைத்துக் கண் சிவக்க மணல் தரையைத் தடவி எடுத்து மேலே வரும் வரையில் அவன் மூச்சு அவனுடையதன்று. போர்ச்சுகீசியரும் டச்சுக்காரரும் பின்னர் ஆங்கிலேயரும் இவ்வாணிகத்தின் மீது தம் கையை வைத்தனர். ஆங்கில ஆட்சியில் சங்கு குளிப்பு அரசின் தனியுரிமையாயிற்று. குத்தகைக்கு விடப்பட்டும், நேரே அரசால் நடத்தப்பட்டும் வந்தது. ஆங்கிலத்தில் ‘சேங்க்’ என்னும் சொல் நிலைபெற்றதற்குக் காரணம் பக்தியன்று, கணக்குப் புத்தகமே. வரி விதிக்க வேண்டின் பண்டத்திற்குப் பெயர் வேண்டும் அன்றோ?

இனிச் சொல்லின் பிறப்பினைக் காண்போம். வடமொழிச் ‘சங்க’ என்பதனைக் கிரேக்கத்தின் ‘கொங்கே’ என்பதோடு மொழியியலார் நெடுங்காலமாக ஒப்பிட்டு வருகின்றனர். ஓசை ஒத்திருப்பது மட்டும் அதற்குக் காரணமன்று. வடமொழியில் சகரமாக வருவது கிரேக்கத்தில் ககரமாக வருவது ஓர் ஒழுங்கு. பத்து என்னும் எண் வடமொழியில் ‘தச’, கிரேக்கத்தில் ‘தெக’. நூறு அங்கே ‘சத’, இங்கே ‘ஹெகதோன்’. அவ்வொழுங்கின் வழியே ‘சங்க’வும் ‘கொங்கே’யும் உடன்பிறப்புகள் ஆகின்றன. இவ்வுறவை ஐயுறுவாரும் உளர். கிரேக்கச் சொல் இலத்தீன் வழியாக ஆங்கிலம் புகுந்து ‘காங்க்’ ஆயிற்று. அதன் கிளையொன்று பிரெஞ்சு வழியாகச் சென்று ‘காக்கிள்’ ஆயிற்று. கிள்ளான் சந்தையில் கூறு கூறாகக் குவித்து விற்கப்படும் ‘கெராங்’ இருக்கின்றதே, அதற்கு ஆங்கிலப் பெயர் அதுவே. ஆகவே கோவிலில் ஊதும் ‘சேங்க்’கும் சந்தையில் விற்கும் ‘காக்கிள்’ளும் மொழிக் குடும்பத்தில் தொலைவான உறவினர்கள்!

மலாய் மொழியும் இவ்விருந்துக்கு வந்துள்ளது. எக்காளத்தைக் குறிக்கும் ‘சங்ககாலா’ என்னும் மலாய்ச் சொல்லை நம் மாணவர் தேசிய மொழிப் பாடத்தில் பயில்கின்றனர். அதன் முற்பகுதி சங்கு; பிற்பகுதி நம் நூல்களில் ‘காகளம்’ என வரும் ஊதுகொம்பின் பெயர் என்று விளக்குவர். ஒரே வகுப்பறையில் மும்மொழி பயிலும் நம் பிள்ளைகள் மூன்றிலும் ஒரே சங்கின் ஓசையைக் கேட்கின்றனர். நாம்தாம் அதனைச் சுட்டிக் காட்டுவதில்லை.

அங்ஙனமாயின், தமிழ்ச் ‘சங்கு’ எங்கிருந்து வந்தது? தமிழ்ப் பேரகராதி வடமொழியையே மூலமாகக் காட்டுகின்றது. வளைவுப் பொருள் தரும் தமிழ் வேரிலிருந்து தோன்றியது என்று நிறுவ முயன்ற அறிஞரும் உளர். ‘சேங்க்’ என்பதன் முதலெழுத்தைக் கேட்கும்போது தமிழ்க் கரையின் வாயிலிருந்து நேரே சென்றதோ என்று தோன்றும். எனக்கும் முதலில் அவ்வாறே தோன்றியது. ஆயினும் போர்ச்சுகீசியர் வடமொழிச் சகரத்தையும் அவ்வெழுத்தாலேயே எழுதியிருக்கக் கூடும். மேலும், நாம் ‘சங்கு’ எனக் குழைத்து ஒலிக்கும் இடத்தில் ஆங்கிலச் சொல் வல்லென்று ‘க்’ என முடிகின்றது. சங்கு கிடைப்பதும் நம் கடலில் மட்டுமன்று. குஜராத்துக் கரையிலும் அது உண்டு; அங்கே லோத்தல், நாகேசுவர் ஆகிய சிந்துவெளிக் காலத்து ஊர்களில் 4,000 ஆண்டுகளுக்கு முன்னரே அதனை அறுத்து வளை செய்துள்ளனர். ஆதலின் ‘சேங்க்’ தூய தமிழ்ச் சொல்லே என்று அறுதியிட்டுரைக்க என்னிடம் சான்று இல்லை.

இம்முடிவு எனக்கு மகிழ்ச்சி தரவில்லை. மாணவனிடம் எவ்வாறு கூறுவது என்னும் தயக்கத்திலேயே நாள்கள் கழிந்தன. அவ்வேளையில்தான் மற்றொருவர் ஒரு சங்கோடு என் அறைக்கு வந்தார்.

அவர் ஒரு மாணவியின் பாட்டியார். தோட்டத்தில் பால்மரம் சீவி ஓய்ந்தவர். பேத்தியின் கல்விக்கு நல்லது என்று எண்ணி, வலம்புரிச் சங்கொன்றைப் பெரும் விலை கொடுத்து எவரிடமோ வாங்கியிருந்தார். ‘நெசமான வலம்புரிதானான்னு பாத்துச் சொல்லுங்கய்யா’ என்று மடித்த துணியைப் பிரித்தார்.

வலம்புரியின் அருமையைத் தமிழர் அறிவர். ஆயிரம் சிப்பிக்கு நடுவே ஓர் இடம்புரி, ஆயிரம் இடம்புரிக்கு நடுவே ஒரு வலம்புரி, ஆயிரம் வலம்புரிக்கு நடுவே ஒரு சலஞ்சலம், ஆயிரம் சலஞ்சலத்திற்கு நடுவே ஒரு பாஞ்சசன்னியம் என்று முன்னோர் அடுக்கிக் கூறுவர். விந்தை யாதெனில், நாம் வலம்புரி என்பதனை விலங்கியலார் இடச்சுழிச் சங்கு என்பர். இருவருமே பிழை செய்யவில்லை. அவர்கள் சங்கின் சுருள் முனையை மேலே வைத்து, வாய்ப்புறம் தம்மை நோக்கப் பிடிக்கின்றனர். நாம் அம்முனையைக் கீழே வைத்துப் பிடிக்கின்றோம். தலைகீழாகத் திருப்பியதும் இடம் வலமாகின்றது. பொருள் ஒன்று, பிடிக்கும் முறையால் பெயர் மாறுகின்றது.

பாட்டியார் கொணர்ந்த சங்கு, திசையில் வலம்புரியே. ஆயினும் அமெரிக்காவின் தென்கிழக்குக் கரையிலும் மெக்சிகோ வளைகுடாவிலும் வேறோர் இனம் உண்டு. அவ்வினத்தில் பிறக்கும் சங்கெல்லாம் இயல்பாகவே நம் வலம்புரியின் திசையில்தான் சுருளும். அங்கே அது அருமையான பொருளன்று. அதனையே வலம்புரி என்று விற்பாரும் உளர். இரண்டையும் பிரித்தறியும் வழி எளிது. வாய்க்குள் நடுத்தண்டினை விரலால் தடவிப் பார்த்தல் வேண்டும். உண்மைச் சங்கில் மூன்று நான்கு மடிப்புகள் வரிசையாக விரலில் இடறும். அமெரிக்கச் சங்கில் அவ்வரிசை இராது. யான் தடவிப் பார்த்தேன். வழவழப்பாக இருந்தது.

பொய் சொல்லியிருக்கலாம், அவர் மகிழ்ந்து சென்றிருப்பார். பின்னொரு நாள் வேறொருவர் சிரித்துக்கொண்டே உண்மையைச் சொல்லியிருப்பார். ஆகவே அவர் விரலைப் பிடித்து மடிப்பு இல்லாமையை உணர்த்தினேன். பள்ளியில் இருந்த ஊதுசங்கினுள் மடிப்பு இருப்பதையும் உணர்த்தினேன். சற்று நேரம் பேசாதிருந்தார். பின்னர், ‘ஏமாந்தது போகட்டுங்கய்யா. இனிமே யாரும் என்னை ஏமாத்த முடியாது இல்ல? எம் பேத்திக்கும் இதைக் காட்டிக் குடுங்க’ என்றார். என் தயக்கத்திற்கு விடை கிடைத்துவிட்டது.

சொல்லாராய்ச்சியிலும் அமெரிக்க வலம்புரிகள் மலிந்துள்ளன. ‘கொல்’ என்பதிலிருந்து ‘கில்’ வந்தது, ‘ஒன்று’ என்பதிலிருந்து ‘ஒன்’ வந்தது என்று மேடைதோறும் கேட்கின்றோம், கை தட்டுகின்றோம். வெளித் தோற்றம் ஒத்திருந்தால் போதும் என்று எண்ணுகின்றோம். உள்ளே விரல் விட்டு மடிப்பினைத் தேடுவார் சிலரே. எந்நூலில், எந்த ஆண்டில், எவர் வாயிலாக, எப்பண்டத்தோடு சென்றது என்பனவே சொல்லின் மடிப்புகள். அமெரிக்கப் பேச்சுவழக்கில் ஓசையெழ மெல்லுதலைக் குறிக்கவும் ‘சேங்க்’ என்றே ஒரு வினைச்சொல் உண்டு. எழுத்து அதுவே, ஒலி அதுவே, ஆயினும் சங்கோடு அதற்கு உறவில்லை. ‘கட்டமரன்’ என்பதோ வேறு. கட்டுமரம் என்னும் பொருளும் சொல்லும் சேர்ந்தே நம் கரையிலிருந்து சென்றமைக்குச் சான்று உண்டு. ‘செரூட்’ என்பது நம் சுருட்டு. ‘மல்லிகடானி’ என்பது நம் மிளகுத் தண்ணீர். உண்மை வலம்புரிகள் நம்மிடம் இருக்கப் போலியை ஏன் சுமக்க வேண்டும்? ஒரு போலி வெளிப்பட்டால், மெய்யானவற்றையும் உலகம் ஐயுறும்.

அம்மாணவனை அழைத்தேன். அவன் அடுத்த வகுப்பிற்கே சென்றுவிட்டிருந்தான்; ஆயினும் கேள்வியை மறக்கவில்லை. ‘தம்பி, இச்சொல் எம்மொழியில் பிறந்தது என்பதில் வழக்கு உண்டு; அறிஞர் பலர் வடமொழி என்பர். ஆனால் இது ஆங்கிலம் வரை சென்றதற்குத் தமிழர் மூச்சும் ஒரு காரணம். நம் மக்கள் மூழ்கி எடுக்காதிருந்தால், வங்கத்திற்கு அனுப்பாதிருந்தால், ஆங்கிலேயனுக்கு இச்சொல்லால் ஆக வேண்டியது ஒன்றும் இராது’ என்றேன். அவன் சற்று எண்ணினான். ‘அப்படின்னா பாதி நம்மளது, இல்லீங்களா ஐயா?’ என்றான். மொழியியலார் ஒப்புவரோ, அறியேன். யான் ஒப்பினேன்.

ஒப்பியதற்குக் காரணம் உண்டு. நாமும் இந்நாட்டில் அச்சொல்லைப் போன்றவர்களே. நம் முன்னோர் பிறந்தது வேறு கரை. நாகப்பட்டினத்தில் கப்பலேறி, சுவெட்டன்ஹாம் துறை என்று அந்நாளில் பெயர் கொண்டிருந்த இன்றைய கிள்ளான் துறைமுகத்தில் இறங்கியோர் எத்தனையோ பேர். தோட்டத்தில் மரம் சீவியோரும், தண்டவாளம் போட்டோரும், பிரிக்பீல்ட்ஸ் இரயில்வே குடியிருப்புகளில் வாழ்ந்தோரும் அவர்களே. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்காட் சாலையில் கந்தசாமி கோவிலை எழுப்பிய இலங்கைத் தமிழரும் சங்கு விளையும் கடலோரத்திலிருந்து வந்தோரே. எங்கே பிறந்தாய் என்று கேட்பார் கேட்கட்டும். எங்கே உழைத்தாய் என்னும் கேள்விக்கும் ஒரு விடை உண்டு, அவ்விடையும் உரிமையே.

இறுதியாக ஒன்று. நம் செய்யுள்களில் சங்கினைச் ‘சங்கம்’ என்றும் வழங்குவர். புலவர் கூடும் அவையும் ‘சங்கம்’. எழுத்து ஒன்றேயாயினும் இவை வெவ்வேறு மூலத்தின. இவற்றையும் ஒன்றெனக் கூறி மயங்குதல் கூடாது. ஆயினும் எழுத்தாளர் சங்கம் வெளியிடும் இத்தொகுப்பில் எழுதும்போது எனக்கோர் ஆசை எழுகின்றது. இச்சங்கமும் அச்சங்கினைப் போல், விடியுமுன் எழுப்பும் ஓசையாக இருத்தல் வேண்டும். ஊதுவதற்கு முன் உள்ளே மடிப்பு உண்டா என்று தடவிப் பார்க்கும் பழக்கமும் அதற்கு வாய்த்தல் வேண்டும்.